ஸ்பேசர் போடும் முன் நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள்

டயர் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்கிறது, கொஞ்சம் வெளியே தள்ளி நின்றால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்று கேட்டு வருபவர்கள் ஒரு வகை. அகலமான அலாய் வீல் வாங்கிப் போட்டபின் உள்பக்கம் ஸ்ட்ரட்டில் (சஸ்பென்ஷன் தூணில்) உரசுகிறது என்று வருபவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் உடனே கையில் கிடைப்பது வீல் ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் (வீலை மாட்டும் சுழலும் நடுப்பகுதி) வீலுக்கும் நடுவே வைக்கும் அலுமினியத் தட்டு. வண்டிக்குப் பொருந்திய ஸ்பேசரை முறையாகப் போட்டால் சக்கரம் உறுதியாகவே நிற்கும். பொருந்தாததைப் போட்டால் ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று போகும். எது எப்படி என்பதைத் தீர்மானிப்பது சில மில்லிமீட்டர் மரை.

சக்கரம் எப்படிப் பிடித்து நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஹப்பிலிருந்து நீண்டு வீலின் துளை வழியே வரும் மரைக்கம்பிதான் ஸ்டட். நட்டை இறுக்கும்போது அது ஒரு ஸ்பிரிங் போல மிகமிக லேசாக நீள்கிறது. அந்த இழுவிசைதான் வீலை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. வண்டியின் எடை, பிரேக்கின் இழுப்பு எல்லாவற்றையும் தாங்குவது இப்படி அழுந்திய இரண்டு முகங்களுக்கு இடையிலான உராய்வு. பிடி தளர்ந்தால் எடை ஸ்டட்டின் மேல் வந்து விழும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்டட் வளைந்து நிமிரும். 185/65 ஆர்15 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 510 தடவை சுற்றுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் நாற்பதாயிரம் தடவை. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்டட் ஒடிவதும் அதே விதத்தில்தான்.

ஸ்பேசரில் இரண்டு ரகம். ஒன்று, ஏற்கெனவே உள்ள ஸ்டட்டில் சும்மா செருகி வைப்பது. 3, 5, 8, 10 மி.மீ. தடிமனில் வரும். விலை குறைவு, பார்க்கச் சாதாரணத் தட்டு, அதனால் யாரும் பயப்படுவதில்லை. எங்களுக்கு அதிகக் கவலை தருவது இந்த ரகம்தான். தட்டின் தடிமன் எவ்வளவோ, அவ்வளவு மரையை அது நட்டிடமிருந்து பறித்துவிடுகிறது. மாருதி கார்களில் பெரும்பாலும் எம்12×1.25 ஸ்டட், அதாவது விட்டம் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு நட் 1.25 மி.மீ. முன்னேறும். 5 மி.மீ. தட்டு வைத்தால் நான்கு சுற்று போய்விடும். ஹூண்டாய், டொயோட்டா வண்டிகளில் எம்12×1.5, அதில் மூன்று சுற்றுக்கு மேல் போகும்.

குறைந்தபட்ச அளவு இதுதான்: ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, அவ்வளவு நீளமாவது மரைக்குள் மரை பிடிக்க வேண்டும். எம்12×1.25 என்றால் பத்துச் சுற்று. எம்12×1.5 என்றால் எட்டு. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்பேசரையும் வீலையும் ஏற்றி, வீலை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு நட்டைக் கையால் வீலின் முகத்தைத் தொடும்வரை உள்ளே விடுங்கள். பிறகு நட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வெளியே கழற்றியபடி சுற்றுகளை எண்ணுங்கள். ஆறில் கழன்று வந்தால் அந்தத் தட்டை அங்கேயே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு தட்டை அடுக்கி வைப்பது எந்த நிலையிலும் கூடாது.

நீளமான ஸ்டட் மாற்றினால் இந்தக் குறை தீரும். ஆனால் புது ஸ்டட்டின் பல்வெட்டு உள்ள பகுதியின் விட்டம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், ஹப்பில் அதைப் பிரஸ் வைத்து ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் பேரிங் அடி வாங்கும். போலோ, வென்டோ மாதிரி வண்டிகளில் ஸ்டட்டே கிடையாது, எம்14×1.5 போல்ட். 10 மி.மீ. ஸ்பேசருக்கு 10 மி.மீ. நீளமான போல்ட்தான் வேண்டும். குட்டையானது மரையில் பிடிக்காது. அளவுக்கு மீறி நீண்டது ஹப்பின் பின்னால் நீட்டிக்கொண்டு பிரேக் பாகங்களில் உரசும்.

இரண்டாவது ரகம், தனக்கென்று ஸ்டட் உள்ள தடித்த ஸ்பேசர். இதை முதலில் வண்டியின் ஸ்டட்டில் நட் போட்டு இறுக்கி, அதன் ஸ்டட்டில் வீலை மாட்ட வேண்டும். 20 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் இதில் இடைஞ்சல் வரலாம். வண்டியின் ஸ்டட் 25 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், 20 மி.மீ. ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி 5 மி.மீ. எட்டிப் பார்க்கும். அலாய் வீலின் பின்புறம் அதற்குக் குழி இருந்தால் சரி. இல்லையென்றால் வீல் முகத்தோடு முகம் உட்காராது. நட் இறுகிய மாதிரி தெரியும், உள்ளே இடைவெளி இருக்கும். பொருளிலும் கவனம் தேவை: 6061-டி6 அல்லது 7075-டி6 அலுமினியத்தில் கடைந்ததை மட்டும் வாங்குங்கள். வார்ப்பில் செய்தது, என்ன உலோகம் என்றே தெரியாத துண்டில் லேத்தில் கடைந்தது, இரண்டையும் நாங்கள் மாட்டித் தருவதில்லை.

அடுத்தது நடுத்துளை. ஸ்விஃப்ட், ஐ20 இரண்டிலும் ஹப்பின் நடு விளிம்பு 54.1 மி.மீ. வெளியே வாங்கும் அலாய் வீல்கள் பலவற்றில் துளை 73.1 மி.மீ. இருக்கும், எந்த வண்டிக்கும் பொருந்தட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். நடு விளிம்புதான் வீலை மையத்தில் நிறுத்துகிறது. 10 மி.மீ. தட்டு வைத்தால் அந்த விளிம்பு முழுவதும் தட்டுக்குள் மறைந்து, வீலுக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம். ஆகவே ஸ்பேசரின் உட்துளை ஹப்போடு இறுகப் பொருந்த வேண்டும், அதன் வெளிமுகத்தில் வீலுக்கென்று தனி விளிம்பு இருக்க வேண்டும். இந்தக் குறை நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலைகளில் எளிதில் தெரியாது. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் யார் 90-இல் போக முடியும்? ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணறு போய் நான்குவழிச் சாலையில் மிதிக்கும்போதுதான் ஸ்டீயரிங் உதறத் தொடங்கும். பேலன்சிங் இரண்டு தடவை செய்தும் உதறல் நிற்கவில்லை என்றால் நடுத்துளையைப் பாருங்கள்.

வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். ரிம்மின் பின்புறம் 5ஜே, ஈடி45 என்று பொறித்திருக்கும். முதல் எண் அங்குலத்தில் அகலம். ஈடி என்பது வீல் ஹப்பைத் தொடும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது. 5ஜே, ஈடி45-இல் முகத்துக்கு வெளியே 18.5 மி.மீ., உள்ளே 108.5 மி.மீ. அதற்குப் பதில் 7ஜே, ஈடி40 போட்டால் வெளியே 48.9, உள்ளே 128.9. அதாவது ஸ்ட்ரட் பக்கம் 20 மி.மீ. நெருங்கிவிட்டது, வெளியே 30 மி.மீ. ஏற்கெனவே தள்ளிவிட்டது. உள்ளே உரசுகிறது என்று இதற்கு 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் டயர் வெளியே மொத்தம் 45 மி.மீ. நகரும். இந்த வண்டிக்குத் தேவை ஸ்பேசர் அல்ல, அகலம் குறைந்த ரிம். பெரும்பாலான கேள்விகளுக்கு எங்கள் பதில் இப்படித்தான் முடிகிறது: சரியான ஈடி உள்ள வீலை வாங்கினால் ஸ்பேசருக்கே வேலை இல்லை.

டயர் வெளியே தள்ளினால் ஸ்டீயரிங்கும் மாறும். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை, கம்பெனிக்காரன் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மனத்தில் வைத்து அளந்து வைத்திருக்கிறான். 20 மி.மீ. ஸ்பேசர் அதை 20 மி.மீ. மாற்றிவிடும். அப்புறம் குழியில் ஒரு சக்கரம் இறங்கினாலும் கையில் வெட்டி இழுக்கும். முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஓரம் மணல் படிந்த சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். பேரிங்குக்கும் நெம்புகோல் நீண்டது போல பாரம் கூடும். வேகத்தோடு ஏறும் ரீங்காரம் கேட்டால் பேரிங் போகிறது என்று பொருள்.

இடம் இருக்கிறதா என்று பார்க்க, வண்டியில் ஐந்து பேரை உட்கார வையுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டை மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். டயர் நூலைத் தொடக் கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, மட்கார்டின் உட்புற உறையான லைனரில் டயர் உரசுகிறதா என்று பாருங்கள். முன் வலது, பின் இடது சக்கரங்களை மரக்கட்டை மேல் ஏற்றி அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வளைவில் ஆள் நிறைந்த வண்டி குழியில் இறங்கும்போது நடப்பதை இது வீட்டு வாசலிலேயே காட்டிவிடும்.

மாட்டும்போது ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்க்க வேண்டும். துரு, பெயின்ட், பழைய அழுக்கு எது நடுவில் இருந்தாலும் ஓட ஓட நசுங்கி நட் தளரும். நட்டின் உட்காரும் முகமும் பொருந்த வேண்டும்: கூம்புத் துளைக்குக் கூம்பு நட், ஹோண்டாவின் உருண்டைத் துளைக்கு உருண்டை நட். எதிரெதிர் வரிசையில், இரண்டு தவணையாக, டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். எம்12-க்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலில் பாருங்கள். ஏர் கன்னால் இறுக்கினால் அலுமினிய ஸ்பேசர் தாங்காது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதிக்க வேண்டும். தடித்த ரகத்தில் உள் நட்டுகள் வீலுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் வீலைக் கழற்றித்தான் பார்க்க முடியும். நட் துளையிலிருந்து துரு நிறத்தில் கோடு வழிந்திருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

உப்புக்காற்று நம் ஊருக்கு உரிய சிக்கல். இரும்பு ஹப்பும் அலுமினியத் தட்டும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. குளச்சல், சின்னமுட்டம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டியில் ஒரே வருடத்தில் தட்டு ஹப்போடு ஒட்டிப் பிடித்துவிடலாம். மே கடைசியிலும் செப்டம்பரிலும் கழற்றித் தேய்த்து, நடு விளிம்பில் மட்டும் உலோகம் ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். தட்டின் முகத்திலும் ஸ்டட்டிலும் படக் கூடாது. ஸ்டட் மரையில் பூசினால் அதே டார்க்குக்கு நட் அளவுக்கு மீறி இறுகும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் களியக்காவிளை வழியே அடிக்கடி போகிற குடும்பங்கள் இதை நினைவில் வையுங்கள். மட்கார்டைத் தாண்டிய டயர் முதலில் கண்ணில் படும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் இருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

கடைசியாக ஸ்டெப்னி. அலாய் வீலின் பின்னால் உள்ள குழி இரும்பு ஸ்டெப்னியில் இருக்காது. நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டில் அது இடித்து நிற்கும். அலாய்க்கு வாங்கிய நட்டும் அதற்குப் பொருந்தாமல் போகலாம். ஸ்பேசர் போட்ட அன்றே, பகலில், ஸ்டெப்னியை நான்கு இடத்திலும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். பழைய நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி, ஜாக்கியோடு சேர்த்து டிக்கியிலேயே வைத்திருங்கள்.