கண் நகர்ந்தாலும் நகராத சிவப்புப் புள்ளி

டெக்சாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் ஏஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்கியிருக்கிறார். வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய்ப் பழக ஆரம்பித்திருக்கிறார். குறிபார்க்கும் கருவி எது வாங்கலாம் என்று விசாரிக்கப் போன கடையில், ‘ரெட் டாட் வாங்குங்கள், தலையை எப்படி வைத்தாலும் புள்ளி இலக்கை விட்டு நகராது’ என்றார்களாம். ‘இது விற்பனைப் பேச்சா, அறிவியலா?’ என்று கேட்கிறார். அறிவியல்தான். துப்பாக்கியைக் கையால் தொட்டிராதவர்களும் இதைப் படிக்கலாம். வானம் பார்ப்பவர்கள் தொலைநோக்கியின் முதுகில் பொருத்தி நட்சத்திரத்தைத் தேடும் சின்னக் கருவிக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

முதலில் பழைய முறை. ரைபிளின் பின்பக்கம் ஒரு துளை, முனையில் ஒரு குச்சி, தூரத்தில் இலக்கு. மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். மூன்றும் வெவ்வேறு தொலைவில் இருக்க, கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். குச்சி தெளிந்தால் இலக்கு மங்கும், இலக்கு தெளிந்தால் குச்சி மங்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சிக்கலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு விடை கண்டவர் தொலைநோக்கி செய்பவர். டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் க்ரப், 1900இல் இந்தக் குறிபார்ப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நமக்கு அவர் அந்நியர் இல்லை. ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கி அவருடைய பட்டறையில் பிறந்தது. புனேயில் இருந்து பின்னர் கொடைக்கானலுக்கு வந்த 20 அங்குலத் தொலைநோக்கியும் அங்கே செய்ததுதான். ஒளிரும் குறியை எல்லையற்ற தொலைவில் இருப்பதுபோலக் காட்டிவிட்டால் கண் இரண்டு இடங்களில் குவிய வேண்டியதில்லை என்பது க்ரப்பின் யோசனை. இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களில் அது பரவலாக இருந்தது. 1975இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் எல்இடி விளக்கை வைத்து ரைபிளுக்கு ஏற்ற அளவில் விற்கத் தொடங்கியது.

சரி, புள்ளி ஏன் நகர்வதில்லை? ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியே பாருங்கள். சாலையோரப் புளியமரங்கள் பின்னால் ஓடும், நிலா மட்டும் கூடவே வரும். மரம் பக்கத்தில் இருப்பதால், நாம் நகர நகர அது தெரியும் திசை மாறுகிறது. நிலாவிலிருந்து வரும் கதிர்களோ நம்மை அடையும்போது ஏறக்குறைய இணையாக வருகின்றன. நாம் எங்கே இருந்து பார்த்தாலும் திசை ஒன்றேதான். ரெட் டாட் செய்வது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு விளக்கை நிலாவைப் போல நடந்துகொள்ள வைப்பது.

பத்தாம் வகுப்புப் பாடம் இங்கே கைகொடுக்கும். குழியாடியின் குவியத்தில் விளக்கை வைத்தால், எதிரொளித்த கதிர்கள் எல்லாம் இணையாக வெளியேறும். ரெட் டாட்டின் முன்கண்ணாடிதான் அந்தக் குழியாடி. எல்இடி பின்பக்கம், பார்வையை மறைக்காமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அதன் ஒளி முன்கண்ணாடியில் பட்டு, இணைக்கதிர்களாக உங்கள் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. இணையாக வரும் கதிர்கள் விழித்திரையில் எந்த இடத்தில் குவியும் என்பதை முடிவு செய்வது அவை வரும் திசை மட்டுமே. கண்மணியின் எந்த ஓரத்தின் வழியாக நுழைந்தன என்பதற்கு அதில் பங்கில்லை. அதனால்தான் தலை கொஞ்சம் விலகினாலும் புள்ளி இலக்கின் மேலேயே நிற்கிறது. இலக்கில் எதுவும் படுவதில்லை, இது லேசர் இல்லை. அந்தப் புள்ளி உங்கள் கண்ணுக்குள் மட்டுமே இருக்கிறது.

குழியாடி என்றால் அதன் வழியே எப்படி அந்தப் பக்கம் தெரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்தக் கண்ணாடியின் மேல் மெல்லிய படலங்கள் பல அடுக்காகப் பூசப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் தடிமனும் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. படலங்களின் எல்லைகளில் எதிரொளிக்கும் அலைகளில் சுமார் 650 நானோமீட்டர் சிவப்பு மட்டும் ஒன்றோடொன்று கைகோத்து வலுப்பெறும். மற்ற நிறங்கள் பெரும்பாலும் தடையின்றிக் கடந்து போகும். ஆக, சிவப்புக்கு அது ஆடி, மற்றவற்றுக்கு ஜன்னல். ரெட் டாட் வழியே பார்க்கும்போது உலகம் லேசாக நீலம் பாய்ந்து தெரிவது இதனால்தான், வெளியிலிருந்து வரும் சிவப்பில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடுகிறது.

அப்புறம் அளவு. புள்ளியை 2 எம்ஓஏ என்று விற்பார்கள். ஓர் எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. முழுநிலவு நம் கண்ணுக்கு ஏறக்குறைய 30 எம்ஓஏ அகலம். 2 எம்ஓஏ புள்ளி 100 மீட்டர் தொலைவில் சுமார் 5.8 சென்டிமீட்டரை மறைக்கும். ஆடியின் குவியத்தொலைவு 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒளி வரும் துளை 0.023 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இதைச் செய்து கொடுக்கும் கைகள் மேல் மரியாதை வரும்.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். கதிர்கள் அப்பழுக்கில்லாமல் இணையாக இருந்தால், கண் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுதான் பிழை. 20 மில்லிமீட்டர் ஜன்னலின் ஓரத்துக்கே கண் போனாலும் பிழை 1 சென்டிமீட்டர். 50 மீட்டரிலும் அதே 1 சென்டிமீட்டர், 200 மீட்டரிலும் அதே. ஆனால் எளிய கோள ஆடியின் ஓரத்தில் பட்ட கதிர்கள் முழுமையாக இணையாவதில்லை. தூரம் கூடக் கூட அந்தப் பிழை வளரும். இதுதான் இடமாறு தோற்றப் பிழை. நல்ல கருவிகளில் இரண்டு வில்லைகளை ஒட்டி, எதிரொளிக்கும் படலத்தை நடுவில் வைத்து இதைத் திருத்துகிறார்கள். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் மான்ஜின் 1870களில் தேடுவிளக்குக்காகக் கண்டுபிடித்த ஆடியின் வழிவந்த உத்தி இது. மலிவான கருவிக்கும் விலை கூடியதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கருவியை அசையாமல் ஒரு தாங்கியில் வைத்து, தூரத்தில் ஒரு விளம்பரப் பலகையின் முனையில் புள்ளியை நிறுத்துங்கள். கருவியைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். புள்ளி முனையை விட்டு அலைந்தால் வேறொன்றைக் கேளுங்கள். கருவி ரைபிளில் பொருத்தியிருந்தால், குண்டு இல்லை என்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, சுடுதளத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

விலையை மட்டும் நம்பி வாங்குவதும் ஒரு மூடநம்பிக்கைதான். அதைவிட முக்கியம் உங்கள் கண். அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்களுக்கு, அதாவது கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதியிருப்பவர்களுக்கு, புள்ளி வால் முளைத்தோ நட்சத்திரம்போல வெடித்தோ தெரியலாம். உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். கைபேசியில் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில்தான். கண்ணாடி போட்டும் சரியாகவில்லை என்றால், ஒளிப்புள்ளிக்குப் பதிலாகக் கருவிக்குள் இருக்கும் கண்ணாடியிலேயே செதுக்கிய குறி கொண்ட பிரிசம் வகை உங்களுக்கு ஏற்றது. அதன் கண்வில்லையை உங்கள் பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளலாம்.

இடையில் ஒரு ஆதங்கம். காவலூரில் 1986 முதல் வானம் பார்க்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியை பெங்களூருவில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். அந்தத் திறமை நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான பள்ளிகளில் குழியாடி இன்னும் கரும்பலகையில் வரையும் ஒரு வளைகோடுதான். ஆளுக்கு ஒரு ஆடியும் ஒரு மெழுகுவர்த்தியும் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஒளியியல் ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

டெக்சாஸ் நண்பருக்கு என் பரிந்துரை இது. 100 மீட்டருக்குள் பழகுவதாக இருந்தால் உருப்பெருக்கம் இல்லாத 2 எம்ஓஏ ரெட் டாட் போதும். இரண்டு கண்ணையும் திறந்தே சுடலாம், தலை வைக்கும் இடம் பிசகினாலும் மன்னிக்கும். 4 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் அந்தச் சலுகை கிடையாது. 32 மில்லிமீட்டர் முன்வில்லையை 4ஆல் வகுத்தால் 8 மில்லிமீட்டர் ஒளிக்கற்றைதான் வெளியே வரும். கண்மணி அதற்குள் சரியாக நிற்க வேண்டும், தூரமும் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரமெல்லாம் கறுத்துவிடும். 200, 300 மீட்டரில் சின்ன இலக்குகளைச் சுடத் தொடங்கும்போது அதை வாங்கிக்கொள்ளலாம். மிச்சப்படும் பணத்தில் தோட்டாக்களும், ஒரு நல்ல பயிற்றுநரோடு சில மணி நேரமும் வாங்குங்கள்.