மேலே ஈ காக்கை இல்லையாம்

போன வாரமும் ஒருவர், கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானத்தில்) பறந்துவிட்டு வந்தார். தரையிறங்கிக் கண்ணாடிக் கூரையைத் தூக்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, 18,000 அடியைத் தாண்டிவிட்டேன்!" பதிவுக் கருவியைக் கணினியில் செருகிப் பார்த்தேன். 18,400 அடி. 18,000 அடிக்கு மேலே கிளைடருக்கென்று ஒதுக்கித் தரும் வான்வெளிக்கு அலைச் சாளரம் என்று பெயர். அன்றைக்கு அதைத் திறக்கும்படி எங்களில் யாரும் கேட்கவே இல்லை. குனிந்து கருவிப் பலகையைப் பார்த்தேன். ரேடார் கேட்டால் நம் உயரத்தைப் பதிலாகச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் அணைந்து கிடந்தது.

"பேட்டரியை மிச்சப்படுத்தினேன். மேலே ஒரு ஈ காக்கை இல்லையே அண்ணா."

இந்தப் பதிலை இந்தப் பருவத்தில் மட்டும் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். நெவாடா மாநிலத்தின் மிண்டனில் கிளைடர் பயிற்றுநராக இருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து வார இறுதியில் வண்டியேறி வந்து கற்றுக்கொள்ளும் நம் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் திட்டினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

அந்த ஈயும் காக்கையும் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2006 ஆகஸ்ட் 28 அன்று, ரீனோவில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டு வந்த ஹாக்கர் ஜெட் ஒன்றும், மிண்டனிலிருந்து கிளம்பிய ஒரு கிளைடரும் சுமார் 16,000 அடியில் மோதிக்கொண்டன. ஜெட்டின் மூக்கு நொறுங்கியது, ஓர் எஞ்சின் நின்றது, சக்கரங்கள் இறங்கவில்லை. கார்சன் சிட்டி ஓடுபாதையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்தார். ஒருவரும் சாகவில்லை. அதை எப்படி விளக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிளைடரிலும் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. அணைத்து வைத்திருந்தார். வானொலிக்குப் பேட்டரி வேண்டுமாம்.

"கிளைடருக்கு விதிவிலக்கு உண்டே" என்பீர்கள். உண்டு. எஞ்சினில் இயங்கும் மின்னாக்கி இல்லாத ஊர்தி என்பதால் 18,000 அடிக்குக் கீழே பெரும்பாலான இடங்களில் நமக்கு டிரான்ஸ்பாண்டர் கட்டாயமில்லை. அந்த விபத்துக்குப் பிறகு, 2008-இல், அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விலக்கை எடுத்துவிடச் சொல்லிப் பரிந்துரைத்தது. விலக்கு இன்னும் இருக்கிறது. அது சட்டம் உங்களுக்குக் காட்டும் சலுகை. எதிரே 300 நாட் வேகத்தில் வரும் ஜெட்டுக்கு அந்தச் சலுகை தெரியாது.

என் இரத்த அழுத்தத்தை ஏற்றும் இன்னொரு வாக்கியம், "ரேடாரில் நான் தெரிவேன்" என்பது. தெரியமாட்டீர்கள். கட்டுப்பாட்டாளரின் திரையில் பெயரோடும் உயரத்தோடும் நகரும் புள்ளிகள், ரேடார் கேட்க டிரான்ஸ்பாண்டர் சொன்ன பதில்கள். பதில் சொல்லாத ஊர்தியை, அதன் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் கிளைடரோ கண்ணாடி இழையில் செய்தது, எதிரொலி சொற்பம். அதைவிடக் கொடுமை, அலையில், அதாவது மலையைத் தாண்டி வரும் காற்று மேலெழும்பும் இடத்தில், நாம் செய்யும் வேலை. எதிர்க்காற்று 60 நாட், நம் வேகமும் 60 நாட் என்றால் தரையைப் பொறுத்தவரை நாம் நகரவே இல்லை. நகராத எதிரொலியை மலை என்றோ மரம் என்றோ எண்ணி, ரேடாரின் கணினியே துடைத்துப் போட்டுவிடும். டிரான்ஸ்பாண்டரோடு பறந்தபோதே ஒருமுறை கட்டுப்பாட்டாளர் என்னிடம், "நீங்கள் ஹெலிகாப்டரா?" என்று கேட்டார். டிரான்ஸ்பாண்டர் இல்லையென்றால் கேட்கக்கூட ஆளில்லை.

ஜெட் விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவியும் அப்படித்தான். டிரான்ஸ்பாண்டர் பதில் சொன்னால்தான் அது எச்சரிக்கும். "என்னிடம் ஃபிளார்ம் இருக்கிறது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். கிளைடர்கள் ஒன்றையொன்று எச்சரித்துக்கொள்ளும் கருவி அது. நல்லது தம்பி, இன்னொரு கிளைடரிடமிருந்து தப்பிக்கலாம். நீங்கள் அனுப்பும் ஃபிளார்ம் சமிக்ஞை பயணிகள் ஜெட்டின் காதில் விழாது.

கண்ணால் பார்த்து விலகலாமா? 300 நாட் என்றால் நொடிக்கு 150 மீட்டருக்கு மேல். நேருக்கு நேர் பார்க்கும்போது நம் இறக்கை வெறும் வெள்ளைக் கோடு, பின்னால் பனி மூடிய சியரா நெவாடா. அந்த ஜெட் விமானி உங்களைக் கண்டுபிடிப்பார் என்று பந்தயம் கட்டாதீர்கள்.

பேட்டரிக் கணக்குக்கு வருவோம். இன்றைய சிறிய டிரான்ஸ்பாண்டர் அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். 10 ஆம்பியர்-மணி பேட்டரி அதற்கு மட்டும் 20 மணி நேரம் தாங்கும். மேலே குளிரில் அது பாதியானாலும் 10 மணி நேரம். உங்கள் பறத்தல் 5 மணி நேரம். வானொலிக்கு இரண்டாவது பேட்டரி வாங்குங்கள். காலுக்குச் சூடேற்றும் காலுறை வாங்கக் காசிருக்கிறது, இதற்கு இல்லையா?

18,000 அடியிலிருந்து 60,000 அடி வரை உள்ள வான்வெளியில் அனுமதி இல்லாமல் ஒருவரும் நுழையக்கூடாது. நமக்காக ஒப்பந்தம் போட்டு ஒதுக்கித் தரும் இடம்தான் அலைச் சாளரம். அதை ஓக்லண்ட் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் திறந்தால்தான் திறந்தது. மூடச் சொன்னால் இறக்கையிலுள்ள பிரேக்கை விரித்து உடனே கீழே வாருங்கள், "இன்னும் ஐந்து நிமிடம்" என்று பேரம் பேசாதீர்கள். அலைக்குள் ஆட்டமே இருக்காது, நிமிடத்துக்கு 800 அடி ஏறுவதே உறைக்காது. ஆகவே 17,000 அடியிலேயே முடிவெடுங்கள். 18,000 அடியில் உயரமானியின் அழுத்த அளவை 29.92 அங்குலத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். அலை நாட்களில் அழுத்தம் பெரும்பாலும் குறைவாக இருக்கும், அரை அங்குலம் பிசகினால் 500 அடி பிசகும். சாளரம் இல்லாத நாளில் டிரான்ஸ்பாண்டரில் கிளைடருக்கான 1202 என்ற குறியீட்டோடு கீழேயே இருங்கள். கவனிக்காமல் எல்லை தாண்டிவிட்டால் மறைக்காதீர்கள். நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு 10 நாட்களுக்குள் எழுதிப் போடுங்கள்.

ஆக்ஸிஜனைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். மூக்குக் குழாய் 18,000 அடி வரைதான், அதற்கு மேல் முகமூடி. 25,000 அடியில் ஆக்ஸிஜன் நின்றால் தெளிவாக யோசிக்க உங்களுக்குக் கிடைப்பது 3 முதல் 5 நிமிடம். அந்த நிமிடங்களில் நீங்கள் மிகவும் சந்தோஷமாக வேறு இருப்பீர்கள், அதுதான் ஆபத்து. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொள்ளுங்கள். தயவுசெய்து.

போன வாரத் தம்பியின் கருவிப் பலகையில், டிரான்ஸ்பாண்டர் சுவிட்சைப் போட்ட நிலையிலேயே வைத்து, அதன் மேல் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் வந்து பார்ப்பேன். ஓரம் பிய்ந்திருந்தால் அவருக்கு அடுத்த முறை இழுவை விமானம் கிடையாது.