பம்ப் ஏற்றுமதி: ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லை தாண்டுமா?

கோவைப் பக்கம் பம்ப் செய்பவர் ஒருவருக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தால், பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "நம்மகிட்ட ஐ.எஸ்.ஐ. இருக்கே, அது போதாதா?" போதாது. அது நம் நாட்டுக்குள் செல்லும் முத்திரை. வெளியே போகும் சரக்குக்கு, அது போய் இறங்கும் நாட்டின் விதிதான் விதி.

உள்ளூர் சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவின்படி, பொதுநலன், உயிர்களின் நலம், சுற்றுச்சூழல், நாட்டுப் பாதுகாப்பு, முறைகேடான வணிகத்தைத் தடுத்தல் ஆகிய காரணங்களுக்காக மத்திய அரசு ஒரு பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. போன்ற தர முத்திரையைக் கட்டாயமாக்கலாம். அந்த உத்தரவைத்தான் தரக் கட்டுப்பாட்டு ஆணை என்கிறோம். ஆணை வந்துவிட்டால், முத்திரை இல்லாமல் அந்தப் பொருளை இங்கே தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது. வெளிநாட்டுத் தொழிற்சாலையும் அதே உரிமத்தை வாங்கித்தான் இங்கே விற்க வேண்டும். ஏற்றுமதிக்கென்றே செய்யும் சரக்குக்கு இந்த ஆணைகளில் பொதுவாக விலக்கு உண்டு. ஆக, வெளிநாட்டுக்குப் போகும் பம்ப் இந்தியத் தரநிலைப்படிதான் இருக்க வேண்டும் என்று நம் அரசு பிடிவாதம் பிடிப்பதில்லை. வாங்கும் நாடு கேட்கிறபடி செய்துகொள்ளலாம்.

சிக்கலே அந்தக் "கேட்கிறபடி"யில்தான் இருக்கிறது.

அரை அங்குலக் குழாய் மரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மரை பிரிட்டிஷ் வழியில் வந்தது, அதன் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. ஆனால் அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்றை மற்றொன்றில் வைத்துத் திருகினால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும். கைக்குச் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். அழுத்தம் ஏறியதும் மரையோரமாகத் தண்ணீர் கசியும். ஒரு அங்குலக் குழாயில் அங்கே பதினொன்றரை மரை, இங்கே 11. அதனால் அது பாதியிலேயே மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். ஏமாற்றுவது அரை அங்குலமும் முக்கால் அங்குலமும்தான்.

அடுத்து மின்சாரம். பிலிப்பைன்ஸில் வீட்டு மின்னழுத்தம் ஏறக்குறைய நம்முடையதுதான், அதனால் பலர் அதற்கு மேல் யோசிப்பதில்லை. ஆனால் அங்கே அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. சவூதி அரேபியாவிலும் 60-தான். இரண்டு காந்தத் துருவம் (2 போல்) கொண்ட மோட்டாரின் ஒத்தியங்கு வேகம், அதாவது மின்சாரத்தின் அதிர்வெண் தீர்மானிக்கும் வேகம், 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3000 சுற்று, 60-இல் 3600. வேகம் 20 விழுக்காடு கூடினால் பம்ப் இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடியில் கூடும்: 1.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.73. ஒரு குதிரைத்திறன் வேலைக்குச் சுற்றிய மோட்டாரிடம் ஒன்றே முக்கால் குதிரைத்திறன் வேலை கேட்கிறோம் என்று பொருள். வைண்டிங் கருகாமல் என்ன செய்யும்? தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் விட்டத்தைக் குறைத்து, மோட்டாரையும் 60 ஹெர்ட்ஸுக்கென்றே வடிவமைக்க வேண்டும். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி அனுப்புவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

உலோகத்திலும் இதே கதை. நம் பவுண்டரிகளில் பழகிப்போன எல்.டி.பி.2 வெண்கலத்தில் ஈயம் சுமார் 5 விழுக்காடு. அமெரிக்காவில் குடிநீர் தொடும் குழாய்ப் பொருள்களின் நனையும் பரப்பில் ஈயம் சராசரியாக 0.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் சட்டம் இது. குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் பற்றிய விதி என்பதால், இதை வணிகத் தடை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எல்லா விதியும் அப்படி நியாயமானதா என்று கேட்டால், அதற்குத்தான் ஒரு பன்னாட்டு ஏற்பாடு இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் பற்றிய ஒப்பந்தம் 1995 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. எந்த நாடும் பாதுகாப்புக்காகத் தன் விதியைப் போடலாம். ஆனால் உள்ளூர்ச் சரக்குக்கு ஒன்று, வெளிச்சரக்குக்கு வேறொன்று என்று பாகுபாடு காட்டக் கூடாது. பன்னாட்டுத் தரநிலை ஏற்கெனவே இருந்தால் அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அதிலிருந்து விலகி, வணிகத்தைக் கணிசமாகப் பாதிக்கும் புது விதி போடுவதானால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கருத்துச் சொல்ல 60 நாள் தருவது நடைமுறை.

அந்த 60 நாள் நமக்கும் உரியது. பெரிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன, சிறு பட்டறைகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. ஈபிங் (ePing) என்ற இலவச இணையதளத்தில் பதிவுசெய்து, பம்புக்கான 8413 என்ற சுங்கக் குறியீட்டையும் நீங்கள் விற்கும் நாடுகளையும் குறித்துவிட்டால், புது வரைவு வந்ததும் மின்னஞ்சல் வரும். நம் நாட்டில் இதுபற்றி விவரம் கேட்டறியும் மையம் தர நிர்ணய அமைவனமே. ஆட்சேபம் இருந்தால் உங்கள் தொழில் சங்கம் வழியாக அரசுக்கு எழுதுங்கள்.

பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்று காட்டும் சி.இ. (CE) முத்திரையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். "சி.இ. சர்ட்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்று வருபவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சாதாரணத் தண்ணீர் பம்புக்கு அது பெரும்பாலும் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் கையெழுத்திடும் உறுதிமொழி. சோதனை அறிக்கை, வரைபடம், அபாய மதிப்பீடு எல்லாம் அடங்கிய தொழில்நுட்பக் கோப்பை 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2021 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்க ஒருவரும் இருக்க வேண்டும். அது உங்கள் இறக்குமதியாளராகவே இருக்கலாம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் முதலிலிருந்து சோதனை செய்யும் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. வீட்டு உபயோகப் பம்புகளின் மின்பாதுகாப்புக்கான ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 60335 தரநிலைப்படி, சி.பி. (CB) என்ற பன்னாட்டுத் திட்டத்தில் ஒருமுறை சோதித்து அறிக்கை வாங்கினால், உறுப்பு நாடுகளில் அந்தந்த நாட்டின் தனி வேறுபாடுகளை மட்டும் சோதித்தால் போதும். நம் ஐ.எஸ். 302 தரநிலையும் இதே வழியில் வந்ததுதான். அதன்படி செய்து பழகியவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

விலை சொல்வதற்கு முன்பே வாங்குபவரிடம் மின்னழுத்தம், அதிர்வெண், மரை வகை, குடிநீருக்கா பாசனத்துக்கா, சரக்கு ஏறும் முன் எந்தச் சான்று வேண்டும் என்பவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கென்யா, சவூதி போன்ற நாடுகளுக்கு உரிய சான்று கப்பல் ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். கன்டெய்னர் போய் இறங்கிய பிறகு கேட்டால், துறைமுக வாடகை நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.