வக்காலத்து போடவில்லை என்றால் தடையில்லையா?

சென்ற வாரமும் ஒருவர் வந்தார். பண்ருட்டிப் பக்கத்தில் அவருடைய முந்திரித் தோப்பைச் சாலைக்காக அரசு எடுத்துக்கொண்டது. இழப்பீடு போதாது என்று பத்திரம், சிட்டா, வருமானக் கணக்கு அனைத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி ஆலோசனை கேட்டு, நோட்டீசும் எழுதி வாங்கியிருக்கிறார். வழக்கு வேறொருவர் மூலம் தாக்கலானது. இப்போது அரசுத் தரப்பில் நின்று அவரைக் குறுக்கு விசாரணை செய்பவர் அதே முதல் வழக்கறிஞர்! இடையில் அவருக்கு அரசு வழக்கறிஞர் பதவி கிடைத்துவிட்டது. இத்தகைய வழக்குக் கட்டுகள் என் மேசைக்கு வருவது நிற்கவே இல்லை.

கேட்டால், “நான் வக்காலத்து போடவில்லையே” என்கிறார்கள். இந்தச் சமாதானம் எனக்கு அலுத்துவிட்டது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 33-ஆவது விதியைப் படியுங்கள். வழக்குத் தொடுப்பது குறித்து எப்போதாவது ஆலோசனை சொல்லியிருந்தாலே போதும், எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. பிராது (வழக்கு மனு) எழுதிக் கொடுத்திருந்தாலும் அப்படியே. வக்காலத்து என்பது, இவருக்காக நான் ஆஜராகிறேன் என்று நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் தாள். கட்சிக்காரர் தன் பட்டாவில் உள்ள ஓட்டையைச் சொன்னது அந்தத் தாளுக்கு முன்பே நடந்துவிட்டது. ஃபீஸ் வாங்கவில்லை, பத்து நிமிடம்தான் பேசினேன் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்), 2023-இன் 132-ஆவது பிரிவும், தொழில் உறவு முடிந்த பின்னும் ரகசியம் காக்கும் கடமை தொடரும் என்கிறது.

கட்டைத் தன் அலுவலக ஜூனியரிடம் தள்ளிவிட்டுப் பின்னால் இருந்து குறிப்பு எழுதிக் கொடுப்பதும் அதே தவறுதான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் மாறி மாறி ஆஜராகும் வழக்கறிஞர் நண்பர்களுக்கு ஒன்று: இரண்டும் வேறு வேறு அரசுகள்தான். ஆனாலும் கட்சிக்காரரின் முடிவைப் பாதிக்கக்கூடிய தொடர்பு எதுவானாலும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்கிறது அதே பார் கவுன்சில் விதிகளில் 14-ஆவது விதி. அரசு வழக்கறிஞராகப் பதவி ஏற்கும் அன்றே பழைய கட்டுகளைப் புரட்டுங்கள். இடிக்கும் வழக்கை வேறு அரசு வழக்கறிஞருக்கு மாற்றும்படி துறைக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

வழக்காடும் மக்களே, ஆலோசனை கேட்டதற்கான நோட்டீஸ் நகல், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள். எதிர்த்தரப்பில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் அந்த வாய்தாவிலேயே உங்கள் வழக்கறிஞர் மூலம் மனுப் போடுங்கள். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-ஆவது பிரிவில் கண்டனம் முதல் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது வரை தண்டனை உண்டு. தயவுசெய்து தீர்ப்பு வரை காத்திருக்காதீர்கள். தோற்ற பிறகு சொன்னால், தோற்ற கோபத்தில் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.