15 நிமிடம் பேசினால் போதும், ஒரு கூட்டமே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்

எங்கள் தெரு நலச்சங்க வாட்ஸப் குரூப்பில் முதலில் குப்பை வண்டி, குடிநீர் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம், இரண்டு தேர்தல் முடிவதற்குள் எல்லாரும் கட்சிப் பேச்சாளர் மாதிரி ஆகிவிட்டார்கள், எல்லாரும் நல்ல மனுஷங்கதான், எப்படி இப்படி ஆனார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அல்காரிதம், அதாவது யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணினி நிரல்தான் காரணமோ என்பது அவருடைய சந்தேகம்.

அல்காரிதத்துக்குப் பங்கே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாட்ஸப் குரூப்பில் எதை மேலே காட்டுவது என்று யாரும் தீர்மானிப்பதில்லை, வந்த வரிசையில் வந்து விழுகிறது. ஃபேஸ்புக்கிலேயே 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில், சம்மதம் சொன்ன பயனர்களுக்கு மூன்று மாதம் பதிவுகளை நேர வரிசையில் மட்டும் காட்டிப் பார்த்தார்கள். 2023-இல் முடிவு வெளியானது. அவர்கள் அங்கே செலவிட்ட நேரம் குறைந்தது, அரசியல் மனநிலையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு அது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சரி, செல்போனே இல்லாமலும் இதே சாய்வு நடக்குமா? நடக்கும், செய்தே காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்று ஒரு நகரம், இடதுசாரிச் சாய்வு உள்ள ஊர். சுமார் 150 கி.மீ. தள்ளி கொலராடோ ஸ்பிரிங்ஸ், அது பழமைவாதிகள் அதிகம் உள்ள ஊர். 2005-இல் ரீட் ஹேஸ்டி, டேவிட் ஷ்கேட், காஸ் சன்ஸ்டீன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு ஊர்களிலும் சாதாரண மக்களை அழைத்து, அந்தந்த ஊர்க்காரர்களை மட்டும் ஆறு பேர் போலச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். பருவநிலை ஒப்பந்தம், ஒருபால் இணையரின் சட்ட அங்கீகாரம், வேலையில் பின்தங்கியோருக்கு முன்னுரிமை என்று மூன்று தலைப்புகள். பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கருத்தைத் தனியாக எழுதிக் கொடுத்தார்கள், தலைப்புக்கு 15 நிமிடம் பேசினார்கள், அப்புறம் மறுபடியும் தனியாக எழுதினார்கள்.

போல்டர்க்காரர்கள் இன்னும் இடதுபக்கம் போனார்கள், கொலராடோ ஸ்பிரிங்ஸ்காரர்கள் இன்னும் வலதுபக்கம். குழுவுக்குள்ளே முன்பு கொஞ்சம் கருத்து வேறுபாடு இருந்தது இல்லையா, அதுவும் சுருங்கிவிட்டது. இரண்டாவது தடவை எழுதியதும் ரகசியமாகத்தான், அதனால் கூட இருப்பவர்களுக்குப் பயந்து எழுதினார்கள் என்றும் சொல்ல முடியாது.

இது ஏன் நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றலாமா என்று ஆறு பேர் பேசுகிறார்கள், ஆறு பேருமே லேசாக 'வேண்டாம்' பக்கம். எதிராக மொத்தம் 10 காரணங்கள் இருக்கின்றன, அதில் ஆளுக்கு மூன்று தெரியும், ஆனால் எல்லாருக்கும் அதே மூன்று அல்ல, ஆறு பேரையும் சேர்த்தால் பத்தும் வந்துவிடும். ஒருவர் கடைக்காரர்களின் வியாபாரத்தை யோசித்திருக்கிறார், ஒருவர் ஆட்டோ கட்டணத்தை, இன்னொருவர் இரவு பத்து மணிக்கு வந்து இறங்கும் பெண்களை. மாற்றலாம் என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்தது ஒரே காரணம்தான், நெரிசல் குறையும். பேசுவதற்கு முன் ஒவ்வொருவர் மனதிலும் மூன்றுக்கு ஒன்று. பேசி முடித்ததும் பத்துக்கு ஒன்று!

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, சொன்ன பத்துக் காரணமும் உண்மையாகவே இருக்கலாம். ஒவ்வொருவரும் புதிதாகக் கேட்ட நியாயமான விஷயத்தை நியாயமாகத்தான் எடைபோட்டார்கள், புத்தியுள்ள எந்த மனிதரும் செய்வது அது. 'நெரிசல் குறையும்' என்பதை ஆறு பேரும் ஆறு தடவை சொன்னாலும் அது ஒரே காரணம்தான். மாற்றலாம் என்பதற்கும் ஊரில் இன்னும் ஒன்பது காரணங்கள் இருந்திருக்கலாம், ஆனால் அவை தெரிந்தவர்கள் அந்த அறையில் இல்லை. யூஜின் பர்ன்ஸ்டைன், அமிராம் வினோகுர் இருவரும் 1970-களில் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். நம்மைவிட மற்றவர் உறுதியாக இருப்பதைப் பார்த்து நாமும் ஒரு படி கூடுதலாகப் போவது இன்னொரு காரணம். அதுவும் உண்டு, ஆனால் 1986-இல் டேனியல் ஐசன்பெர்க் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசியபோது, காரணங்களின் பரிமாற்றத்துக்கே விளைவு பெரிதாக இருந்தது.

இப்போது வாட்ஸப்புக்கு வாருங்கள். அறையில் 15 நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள், குரூப்பில் பேச்சு முடிவதே இல்லை. மறுபக்கக் காரணம் தெரிந்த ஒரு மாமா இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பார், பத்து பேர் பாய்வார்கள், பேசாமல் இருந்துவிடுவார், இல்லையென்றால் குரூப்பை விட்டே 'லெஃப்ட்' ஆகிவிடுவார். அவரோடு அந்தக் காரணங்களும் வெளியே போய்விடுகின்றன. அதற்கப்புறம் அங்கே மிச்சம் இருப்பவர்கள் எவ்வளவு நேர்மையாக யோசித்தாலும் கணக்கு ஒரு பக்கமாகத்தான் வரும்.

ஜேம்ஸ் ஃபிஷ்கின் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் நடத்தும் மக்கள் கலந்துரையாடல் கூட்டங்கள் இதை வேறு பக்கத்திலிருந்து உறுதி செய்கின்றன. 2019 செப்டம்பரில் டாலஸ் நகருக்கு அருகே அமெரிக்கா முழுவதிலுமிருந்து, நாட்டின் குறுக்குவெட்டாக இருக்கும்படி தேர்ந்தெடுத்த 500-க்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கூட்டினார்கள். இரு தரப்பு வாதங்களும் அச்சிட்ட குறிப்பு எல்லார் கையிலும் இருந்தது, சிறு குழுக்களில் பேச்சை ஒழுங்குபடுத்த ஆட்களும் இருந்தார்கள். குடியேற்றம் உட்பட கட்சிகள் கடுமையாக மோதிக்கொள்ளும் பல விஷயங்களில் இரு கட்சி ஆதரவாளர்களும் நெருங்கி வந்தார்கள்.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்க்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு பஞ்சாயத்துக் கூடம், வினாத்தாள், பயிற்சி பெற்ற நான்கு மாணவர்கள், ஒரு நல்ல புள்ளியியல் ஆசிரியர், இவ்வளவுதான். ட்விட்டர் 2023-இல் ஆய்வாளர்களுக்கான இலவசத் தரவு வழியை மூடிவிட்டது, எந்தப் பதிவு எவ்வளவு பரவுகிறது என்று ஆய்வாளர்கள் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. நிறுவனங்கள் தயவில் இனிமேல் காத்திருக்க முடியாது. நம் பல்கலைக்கழகங்களும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று அழுத்தமாக நினைக்கிறேன். மாற்றுக் காரணம் தெரிந்தவர் ஒரு குழுவில் ஒருவர் இருந்தால் போதுமா, மூன்று பேராவது வேண்டுமா, அவர் உறவுக்காரராகவோ ஒரே சாதிக்காரராகவோ இருந்தால் காது கொடுத்துக் கேட்பார்களா என்பதையெல்லாம் கொலராடோவில் போய் அளக்க முடியாது, இங்கேதான் அளக்க வேண்டும்.