அரை அங்குலக் கணக்கு: ரோட் பைக் கியர் சாமான்களை ஒவ்வொன்றாக மாற்றுவது எப்படி?

பினாங்கில் ரோட் பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிள், ஓட்டுபவர் மேட்டுக்குத் தப்ப முடியாது. ஜார்ஜ் டவுனிலிருந்து பத்து பிரிங்கி வழியாகக் கடலோரமாகவே போனாலும் சாலை ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தெலுக் பகாங்கைத் தாண்டினால் தித்தி கெராவாங் ஏற்றம். பாலிக் புலாவில் காப்பி குடித்துவிட்டு ஊர் திரும்ப துன் சார்டோன் சாலை. தீவைச் சுற்றும் இந்தச் சுமார் 70 கிலோமீட்டர் சவாரியில்தான் பலருக்குத் தங்கள் கியர்மேல் கோபம் வருகிறது. மறுநாளே கைபேசியில் குரூப்செட் (கியர், செயின், கிராங்க் எல்லாம் சேர்ந்த முழு செட்) விலை தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முழு செட்டின் விலையைப் பார்த்ததும் அடுத்த யோசனை: மாதம் ஒன்றாக மாற்றினால் என்ன? மாற்றலாம். ஆனால் எதைத் தனியாக மாற்றலாம், எது ஜோடியாகத்தான் வரும் என்பதைப் பெட்டியில் இருக்கும் பெயர் சொல்லாது. ஒரு சாமான் இன்னொன்றைத் தொடும் இடத்தில் இருக்கும் அளவுதான் சொல்லும்.

செயினிலிருந்து ஆரம்பிப்போம். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை வாங்கிய உருளைச் செயினின் வாரிசுதான் இன்று நம் சைக்கிளில் ஓடுவது. கண்ணிகளைக் கோத்து நிற்கும் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். 8 ஸ்பீடு (பின்னால் எட்டுப் பற்சக்கரம்) ஆனாலும் 12 ஸ்பீடு ஆனாலும் இந்த அளவு மாறாது. மாறுவது வெளி அகலம்: 8 ஸ்பீடு செயின் சுமார் 7 மில்லிமீட்டர், 11 ஸ்பீடு செயின் சுமார் 5.5. பின்னால் பற்சக்கரங்கள் கூடக் கூட அவற்றுக்கு நடுவே இடம் குறைகிறது, செயினும் இளைக்கிறது.

செயின் "நீண்டுபோச்சு" என்று சொல்கிறோமே, அங்கே எந்த உலோகமும் ரப்பர் மாதிரி இழுபடவில்லை. செயினில் உள்தகட்டு ஜோடியும் வெளித்தகட்டு ஜோடியும் மாறி மாறி வரும். ஒவ்வொரு ஊசியும் தன்னைச் சுற்றியுள்ள உள்தகட்டின் விளிம்பில் உரசி உரசித் தேய்கிறது. தேய்ந்த இடம் காலியாகிறது. இழுக்கும்போது அந்தக் காலி அளவுக்குத் தகடுகள் விலகுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்தகட்டு ஜோடியில் இருக்கும் இரண்டு உருளைகளின் இடைவெளி அப்படியேதான் இருக்கும். தேய்மானம் முழுவதும் வெளித்தகட்டுப் பக்கம்தான் சேரும். ஆகவே செயின் அரை சதவீதம் நீண்டால், ஒன்று விட்டு ஒன்றாக வரும் இடைவெளி ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர் கூடியிருக்கும். அச்சடிக்கும் தாள் ஒன்றின் தடிமனை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்தச் சின்ன அளவு பல்லை என்ன செய்யும்? புதுச் செயின் பல்லிடுக்கின் அடியில் உட்கார்ந்து, சுமையைப் பல பற்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. நீண்ட செயினின் உருளை பல்லின் சரிவில் சற்று மேலேறி உட்காருகிறது. சுமையும் ஓரிரு பற்களின் மேலேயே விழுகிறது. அங்கே அலுமினியமோ எஃகோ மெல்ல அரிக்கப்பட்டு, பல் கொக்கி மாதிரி வளைகிறது. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்திருப்பதால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. புதுச் செயினைப் போட்டதும்தான் குட்டு வெளிப்படும்: ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் 'டக்'கென்று நழுவும். எந்தச் சைக்கிள் பட்டறையிலும் கேட்கும் பேச்சுதான் இது:

"அண்ணே, புது செயின் போட்டும் நழுவுதே?"

"செயின் புதுசுதான் லா தம்பி. பல்லு பழசு."

இதற்குச் செலவில்லாத வழி ஓர் எஃகு ஸ்கேல். செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். 24 ஊசி தள்ளி இருக்கும் ஊசி சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் அரை சதவீதம் தேய்ந்துவிட்டது. 11, 12 ஸ்பீடு என்றால் உடனே மாற்றிவிடுவது நல்லது. 8, 9, 10 ஸ்பீடுக்கு 0.75 சதவீதம் வரை பொறுக்கலாம். பினாங்கின் மழையும் கடற்காற்றும் செயினுக்கு நல்லதல்ல. மழை எண்ணெயைக் கழுவிவிட்டு, அந்த இடத்தில் சாலை மண்ணைக் கொண்டு வந்து வைக்கிறது. அந்த மண்தான் ஊசியை அரைக்கிற அரம். மழையில் நனைந்த சைக்கிளை அப்படியே சாத்தி வைப்பவர் சீக்கிரமே கேசட்டுக்கும் (பின்சக்கரத்தில் இருக்கும் பற்சக்கர அடுக்கு) காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

கேசட் மாற்றுவதென்றால் அதே அளவில் ஏன் வாங்க வேண்டும்? என்னைக் கேட்டால் மேட்டு ஊரில் இருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ, 8 சதவீத ஏற்றம், வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். பூமி ஈர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 140 வாட், டயரின் உருளல் தடையும் சேர்த்தால் ஏறக்குறைய 150 வாட். எந்தச் சாமான் போட்டாலும் இந்த 150 வாட் குறையாது. மாறக்கூடியது, அதைக் கால் எப்படிக் கொடுக்கிறது என்பது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் ஒரு சுற்றுக்கு சைக்கிள் ஏறத்தாழ 2.55 மீட்டர் நகரும். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 52 சுற்று. பின்னால் 34 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், நிமிடத்துக்கு 63 சுற்று. ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய விசை 18 சதவீதம் குறைகிறது. முழங்காலுக்கு இந்த 18 சதவீதம் பெரிய விஷயம்.

ஆனால் பெரிய கேசட் வாங்கும் முன் ஆர்டியின் கூண்டைப் பார்க்க வேண்டும். ஆர்டி என்பது பின்னால் தொங்கி, செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் சாமான். அந்த நீளமான கூண்டின் வேலை, மிச்சமாகும் செயினைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வது. எவ்வளவு மிச்சமாகும்? முன் பற்சக்கரங்களின் வித்தியாசத்தையும் பின் பற்சக்கரங்களின் வித்தியாசத்தையும் கூட்டுங்கள். 50-34 கிராங்க் (மிதிக்கும் கையும் முன் பற்சக்கரங்களும்), 11-28 கேசட் என்றால் 16ம் 17ம் சேர்ந்து 33. அதுவே 11-34 என்றால் 39. ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கூண்டு 35 வரை, 30 பல் வரை தாங்கும். நீளக் கூண்டு 39 வரை, 34 பல் வரை. செயினின் நீளத்தையும் மறந்துவிடக் கூடாது. 28க்கு வெட்டிய செயினை 34க்கு வைத்துக்கொண்டு, அசதியில் முன்னும் பின்னும் பெரிய பற்சக்கரத்துக்குத் தள்ளினால், போதாத செயின் ஆர்டியை முன்பக்கம் பிடுங்கி இழுக்கும். ஆர்டியைப் பிரேமில் தாங்கும் ஹேங்கர் உடைந்தால் சமாளிக்கலாம். கார்பன் பிரேம் போனால் அழுகைதான்.

அடுத்து கேபிள். ஷிமானோ 1984இல் டியூரா-ஏஸ் 7400 குரூப்செட்டில் எஸ்ஐஎஸ் என்ற 'கிளிக்' முறையைக் கொண்டு வந்தது. அதற்கு முன் ரேஸ் சைக்கிளில் நெம்புகோலை நகர்த்தி, காதால் கேட்டு, கியர் உட்கார்ந்ததா என்று ஓட்டுபவரே கண்டுபிடிக்க வேண்டும். கிளிக் வந்ததும் அந்த வேலை சாமான்களுக்கு இடையிலான கணக்காக மாறியது. ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் (கைப்பிடியில் கியர் மாற்றும் நெம்புகோல்) இவ்வளவு கேபிளை இழுக்கும்; ஆர்டி அதை ஓர் எண்ணால் பெருக்கிப் பக்கவாட்டில் நகரும்; அந்த நகர்வு கேசட்டின் ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்த பற்சக்கரத்துக்கு உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

ஷிமானோவின் பழைய 10 ஸ்பீடு ரோட் சாமான்களில் ஒரு கிளிக் சுமார் 2.3 மில்லிமீட்டர் இழுக்கும். ஆர்டியின் பெருக்கம் 1.7. இரண்டும் சேர்ந்தால் 3.9. கேசட்டில் பற்சக்கரத்துக்குப் பற்சக்கரம் தூரம் சுமார் 3.95. கச்சிதம். 11 ஸ்பீடு வந்தபோது ஷிமானோ கணக்கையே மாற்றியது: இழுப்பு 2.7, பெருக்கம் 1.4, கிடைப்பது சுமார் 3.8. கேபிளைக் கூடுதலாக இழுத்துக் குறைவாகப் பெருக்குவதால், உரசலாலும் அழுக்காலும் வரும் சின்னப் பிழையும் குறைவாகவே பெருகும். பொறியியல் ரீதியில் நல்ல முடிவுதான், ஒவ்வொன்றாக வாங்குபவருக்குத்தான் தலைவலி. 10 ஸ்பீடு பழைய ஷிஃப்டரை வைத்துக்கொண்டு ஆர்7000 ஆர்டியை மட்டும் வாங்கிப் போட்டால், 2.3ஐ 1.4ஆல் பெருக்கி 3.2தான் வரும். கிளிக்குக்கு 0.7 மில்லிமீட்டருக்கு மேல் குறை. முதல் கிளிக்கில் ஏதோ ஓடுகிற மாதிரி இருக்கும். நான்காவது கிளிக்கில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் பிந்தியிருக்கும், அதாவது முக்கால் பற்சக்கர தூரம். எவ்வளவு திருகினாலும் சரியாகாது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

10 ஸ்பீடு என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றுதானே என்று நம்பவும் முடியாது. ஷிமானோவின் டியாக்ரா 4600ம் 10 ஸ்பீடு, 4700ம் 10 ஸ்பீடு. ஆனால் 4700 புதிய 11 ஸ்பீடு கணக்கில் ஓடுகிறது. பழைய சாமான் வாங்கும்போது ஸ்பீடு எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட மாடல் எண்ணைப் பார்ப்பதே புத்தி. ஷிஃப்டரும் ஆர்டியும் ஒரே நாளில், ஒரே குடும்பத்திலிருந்து வர வேண்டும். இடது கை ஷிஃப்டரையும் மாற்றினால் முன் பற்சக்கரங்களுக்கு இடையே செயினைத் தள்ளும் எஃப்டியும் கூடவே வரும். இடது பக்கம் பழையதையே விட்டுவைக்கலாம், வேலை செய்யும். இரண்டு கையிலும் வேறு வேறு வடிவப் பிடி இருப்பதைப் பார்த்து நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆர்டியே கெட்டுவிட்டது என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் தேவை, சில பத்து வெள்ளி செலவில் புதுக் கேபிளும் அதன் வெளிக்குழாயும்தான். கேபிளை இழுப்பது கை. திரும்ப விடுவது ஆர்டியின் ஸ்பிரிங். குழாய்க்குள் தண்ணீர் புகுந்து துரு பிடித்தால் ஸ்பிரிங்குக்கு அதைத் திரும்ப இழுக்கப் பலம் போதாது. சின்னப் பல்லுக்கு இறங்கும்போது தயங்கும். பெரிய பல்லுக்கு ஏறும்போது ஒழுங்காகவும் சின்னப் பல்லுக்கு இறங்கும்போது தாமதமாகவும் மாறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள். இன்னொரு விஷயம்: கியருக்கு கியர் குழாயைத்தான் போட வேண்டும். பிரேக் குழாயின் உள்ளே எஃகுக் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். அழுத்தினால் கொஞ்சம் சுருங்கும். கியர் குழாயில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, சுருங்காது. அரை மில்லிமீட்டர் சுருங்கினாலும் 1.7ஆல் பெருகி 0.85 ஆகிவிடும், கிளிக் தவறும்.

கேசட்டும் சக்கரமும் சேரும் இடத்தில் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 1.85 மில்லிமீட்டர். ஷிமானோவின் 11 ஸ்பீடு ரோட் ஃப்ரீஹப் (சக்கரத்தில் கேசட் ஏறி அமரும் உடல்) பழையதைவிட அந்த அளவு நீளம். ஆகவே 11 ஸ்பீடு சக்கரத்தில் 8, 9, 10 ஸ்பீடு கேசட்டை 1.85 வளையம் ஒன்று வைத்துப் போடலாம் (பல 10 ஸ்பீடு கேசட்டுகளுக்கு அவற்றோடு வரும் 1 மில்லிமீட்டர் வளையமும் சேர வேண்டும்). 105 ஆர்7100 போன்ற 12 ஸ்பீடு ரோட் கேசட்டும் அதில் ஏறும். பழைய 10 ஸ்பீடு சக்கரத்தில் 11 ஸ்பீடு கேசட் பொதுவாக ஏறாது. ஹெச்ஜி700, ஹெச்ஜி800 என்ற 11-34 கேசட்டுகள் விதிவிலக்கு. அவற்றின் பெரிய பற்சக்கரங்கள் ஆரக்கம்பிப் பக்கம் சாய்ந்து நிற்பதால் குட்டை உடலிலும் அமரும். மேடு ஏற 34 பல் தேடுபவருக்கு இது நல்ல செய்தி, சக்கரச் செலவு மிச்சம். ஆகவே பணம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதென்றால் 11 ஸ்பீடு சக்கரத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கி வைக்கலாம். மின்சாரத்தில் ஓடும் ஷிமானோ டிஐ2வில் இழுக்கிற கேபிளே கிடையாது; அங்கே துண்டு துண்டாக வாங்கும் பேச்சுக்கு இடம் குறைவு.

விலை ஏற ஏற என்ன கிடைக்கிறது? 1990களின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செயினின் திறனை அளந்தது. கிடைத்த உச்சம் 98.6 சதவீதம். பற்சக்கரம் பெரிதாக இருந்தால் திறன் கூடியது, ஏனென்றால் 11 பல்லில் செயின் ஒவ்வொரு கண்ணிக்கும் சுமார் 33 பாகை மடங்க வேண்டும், 25 பல்லில் 14 பாகைதான். நல்ல நிலையில் இருக்கும் செயின் 150 வாட்டில் வீணாக்குவது இரண்டு மூன்று வாட். விலை கூடிய செட் காப்பாற்றக்கூடியது அந்த இரண்டு மூன்று வாட்டில் ஒரு சிறு பங்குதான். மிச்சமெல்லாம் எடை. 300 கிராம் குறைத்தால் 80 கிலோவில் அது 0.4 சதவீதம்கூட இல்லை; 20 நிமிட ஏற்றத்தில் நான்கைந்து வினாடி மிச்சமாகும். பந்தயம் ஓடுபவருக்கு அந்த வினாடிகள் முக்கியம். பாலிக் புலாவில் லக்சா சாப்பிடப் போகிறவருக்கு?

அதனால்தான் கிராங்கைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன். 10 ஸ்பீடு கிராங்க் 11 ஸ்பீடு செயினோடு பெரும்பாலும் ஓடிவிடும். முன் கியர் மாறுவதில் கொஞ்சம் நயம் குறையும். புதியது போட்டால், அச்சின் விட்டம் வேறாக இருந்தால், பிபியும் (கிராங்க் அச்சு சுழலும் பேரிங்) மாற வேண்டும், அதற்கொரு தனிச் செலவு. பழைய கிராங்க் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான அல்டெக்ரா, டியூரா-ஏஸ் 11 ஸ்பீடு கிராங்குகளில் ஒட்டுப் பிரியும் பிரச்சினை இருப்பதால், 2023 செப்டம்பரில் ஷிமானோ அவற்றைப் பரிசோதனைக்குத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. கையின் உட்பக்கத்தில் இரண்டு எழுத்துத் தயாரிப்புக் குறியீடு இருக்கும்: கேஎஃப் முதல் ஆர்எஃப் வரை என்றால் அந்தக் காலத்துச் சரக்கு, பரிசோதித்த சான்று கேளுங்கள். 105 கிராங்க் அந்தப் பட்டியலில் இல்லை.