இருக்கிற சொல்லும் தேடலில் சிக்காதது ஏன்?

க, ர, ம் என்று மூன்று எழுத்துகளைக் கொடுத்து, இவற்றால் என்னென்ன சொற்கள் அமையும் என்று ஒரு பள்ளிக்குழந்தையிடம் கேட்டால் கரம், ரகம் என்று எழுதிவிடும். த, வ, ம் கொடுத்தால் தவம், வதம். கணினிக்கும் இது எளிய வேலைதான். ஆனால் ஆங்கிலத்துக்காக எழுதிய நிரலை அப்படியே தமிழுக்குப் போட்டால் விடை தப்பாக வரும். தமிழ்ச் சொற்பட்டியல்களில் தேடும் வசதிகளை உருவாக்குவது என் தொழில். இந்தத் தவறு சொல் விளையாட்டோடு நிற்காமல் நோயாளிப் பதிவேடு, மாணவர் பட்டியல், நூலகப் பட்டியல் என்று எல்லா இடத்திலும் புகுந்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விழா, வாழி என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். ஒன்றில் வி, ழா. மற்றதில் வா, ழி. பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் கணினிக்குள் விழா என்பது வ, மேல்விலங்கு (ி), ழ, துணைக்கால் (ா) என்று நான்கு குறியெண்களாக, அதாவது எழுத்துக்கும் குறிக்கும் கணினி தரும் எண்களாக, பதிவாகிறது. வாழியும் அதே நான்குதான், வரிசை மட்டும் வேறு. குறியெண்களை மட்டும் ஒப்பிடும் நிரல், இரண்டும் ஒரே எழுத்துகளால் ஆனவை என்று அடித்துச் சொல்லும். மாடியும் மிடாவும் இதே கதை.

நாம் பள்ளியில் படித்தது 247 எழுத்துகள். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் பொதுத் தரமான யூனிக்கோடு அத்தனைக்கும் தனித்தனி இடம் தரவில்லை. உயிருக்கு இடம் உண்டு, அகரமேறிய மெய்க்கு இடம் உண்டு, புள்ளிக்கும் கால் கொம்புகளுக்கும் தனி இடம் உண்டு. மற்ற உயிர்மெய்களையும் மெய்களையும் இவற்றைக் கோத்துத்தான் எழுத வேண்டும். அதனால் ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியெண். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்ற வாதம் பலமாக இருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடோடு டேஸ் 16 என்ற அப்படிப்பட்ட குறியீட்டையும் தரமாக ஏற்றது. நடைமுறையில் கைப்பேசி முதல் இணையம் வரை நிலைத்தது யூனிக்கோடுதான். அதை வைத்துக்கொண்டு சரியாக வேலை செய்ய வழி இருக்கிறது என்பதால் எனக்கு அதில் மனக்குறை இல்லை.

வழி இதுதான்: தேடுவதற்கு முன் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துவிட வேண்டும். அகரமேறிய மெய்யோடு அதை ஒட்டிவரும் குறியையும் சேர்த்து ஓர் அலகாக எடுத்தால் போதும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ‘ஓப்பன் தமிழ்’ என்ற திறமூல நிரலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இதைச் செய்துதருகிறது. பைத்தானோடு வரும் வழக்கமான தேடல் கருவியில் ‘சொல் எழுத்துகள்’ என்பதைக் குறிக்கும் \w என்ற குறியை மட்டும் நம்பினால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக உடைந்து வரும். கால், கொம்பு, புள்ளி எதையும் அது எழுத்தாகவே எண்ணுவதில்லை. க்ஷவைத் தனி எழுத்தாக எண்ணுவதா, இரண்டாகவா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சரி, எழுத்தாகப் பிரித்தாயிற்று. ‘க உள்ள சொற்கள்’ என்று ஒருவர் கேட்டால் அவர் என்ன கேட்கிறார்? குறுக்கெழுத்துப் போடுகிறவருக்கு க மட்டும் வேண்டும். கி, கோ, க் வந்தால் கட்டத்தில் பொருந்தாது. மரபுக்கவிதை எழுதுகிறவர் மோனைக்காகத் தேடினால் க, கா, கை, கௌ நான்கும் ஓரினம், நான்கும் வேண்டும். அவருக்கு சவும் தவும் இனம், மவும் வவும் இனம். எதுகை தேடுகிறவருக்கு இரண்டாம் எழுத்து ஒத்துவர வேண்டும், முதலெழுத்தின் குறில் நெடில் அளவும் ஒத்துவர வேண்டும். பாடல் என்ற சொல்லில் இரண்டாம் எழுத்து ட. குறியெண்ணை எண்ணும் நிரலோ துணைக்காலை இரண்டாவது என்று எடுத்துக்கொண்டு, பாடலுக்கு எதுகையாகப் பாலையும் பாயையும் நீட்டும். தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ‘இந்த எழுத்து மட்டும்’, ‘இந்த வரிசை முழுவதும்’, ‘இன எழுத்துகளும்’ என்று மூன்று தெரிவுகள் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். தமிழ்ச் செயலி செய்கிற இளைஞர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இதைத்தான்.

உரைக்குள் தேடும்போது இலக்கணமும் குறுக்கே வரும். ‘மரம்’ என்று தேடினால் மரத்தில், மரத்தை எதுவும் கிடைக்காது. ‘மர’ என்று குறைத்தால் மரபும், குறியெண்ணை மட்டும் பார்க்கும் நிரலில் மருந்தும் மரியாதையும்கூடச் சேர்ந்து வரும். மரம் கேட்டால் ‘மரத்’ என்று தொடங்குபவற்றையும் சேர்த்துத் தேடும்படி நிரலுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இதையெல்லாம்விட என்னைக் கவலைப்பட வைப்பது, கண்ணுக்குத் தெரியாத எழுத்து வேறுபாடு. கௌரி என்ற பெயரை கௌ போட்டு அடிக்கலாம். தட்டச்சுப் பழக்கத்தில் பலர் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்து கெளரி ஆக்கிவிடுகிறார்கள். அச்சில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கணினிக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். பதிவேட்டில் பெயர் இருந்தும் ‘இல்லை’ என்று திரை சொல்லும், ஊழியர் புதிதாக இன்னொரு பதிவு போடுவார், ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் உருவாகும். மருத்துவமனையில் இது நடந்தால் பழைய சிகிச்சை விவரம் மருத்துவர் கண்ணில் படாமலே போகலாம். ஸ்ரீயிலும் இதே சிக்கல்: 2005இல் யூனிக்கோடில் ஶ சேர்ந்த பிறகு, ஸ வைத்து அடித்த ஸ்ரீ, ஶ வைத்து அடித்த ஶ்ரீ என்று இரண்டு உருவாகிவிட்டன. அப்புறம், அச்சுப் பக்கங்களைப் படம்பிடித்து எழுத்தாக்கும்போது எகரத்தின் இடத்தில் தமிழ் எண் ௭ வந்து உட்கார்ந்துகொள்ளும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளில் ‘தமிழ்’ இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக. யூனிக்கோடுக்கு மாற்றாமல் அவற்றில் எதைத் தேடினாலும் வெறுங்கைதான்.

கொ, கோ இரண்டையும் கொம்பு தனி, கால் தனி என்று சிலர் அடிப்பார்கள். அதைச் சரிசெய்வது எளிது. யூனிக்கோடின் இயல்பாக்க விதியே தனித்தனியாக அடித்த கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கிவிடும். கெளரிக்கு அந்த விதி உதவாது. ஒற்றைக்கொம்புக்குப் பின் ள வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்று என்று கட்டளை போட்டால் வெள்ளமும் தெளிவும் கெளுத்தி மீனும் சிதைந்துபோகும். நான் கையாளும் முறை இது: அந்த ளவுக்குப் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடுவதில்லை, வெறும் ளவாக நின்றால் அது பெரும்பாலும் கௌரவம், பௌர்ணமி, வௌவால் போன்ற சொல்லாகவே இருக்கும், அவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுகிறேன். பெயர்ப் பதிவேடுகளில் பழைய வடிவத்தை அழிக்காமல் இன்னொரு நெடுவரிசையில் வைத்திருப்பது நல்லது, ஆதார் அட்டையிலோ குடும்ப அட்டையிலோ அந்த வடிவமே அச்சாகியிருக்கலாம்.